தந்தையோடு நடக்கும் வயது

(ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்ற ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் நம் பள்ளிவாசலின் முன்பிருந்து இரண்டு பேருந்துகள் புறப்பட்டுச் சென்றதைத் தாங்கள் அறிவீர்கள். 34 தந்தையரும் 51 பிள்ளைகளும் அவற்றில் சென்றார்கள். நெல்லையிலிருந்து சுமார் 38 கிலோ மீட்டர் தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திற்குச் சென்று, அங்கே ஒரு பகல் முழுவதும் தங்கி, மஃக்ரிபுக்குத் திரும்பி வந்தோம். பள்ளிவாசலுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். என்னிடம் நேராகக் கேட்டவர்கள் நால்வர். கேட்காமல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே அறிவான். அவர்கள் அனைவருக்கும் இன்று இந்த மிம்பரிலிருந்து பதில் கூற நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இந்த எண்ணம் எப்படித் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் மாலை, நமது மக்தப் மதரஸா விடும் நேரம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் செல்ல ஒரு சகோதரர் வாசலில் வந்து நின்றார். மூன்றாண்டுகள் வளைகுடாவில் இருந்துவிட்டு அதற்கு முந்தைய வாரம்தான் விடுமுறையில் வந்தவர். பையனோ வெளியே வர மறுத்துவிட்டான். உஸ்தாத் காரணம் கேட்டபோது, "உம்மா வரட்டும், உம்மா வந்தாதான் போவேன்" என்று தூணைப் பிடித்துக்கொண்டான். "உன் வாப்பாதானே வந்திருக்கிறார்?" என்றார் உஸ்தாத். அதற்கு அவன், "வாப்பா போன்லதான் வருவாங்க" என்றான்.

அந்தச் சகோதரர் வாசலிலேயே நின்றார். கையில் பையனுக்காக வாங்கிய ஒரு பொட்டலம் இருந்தது. அவர் யாரையும் குறை கூறவில்லை. வீட்டிற்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். பையனின் தாய் வந்து அழைத்துச் சென்றார். அவர்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளி இவர் நடந்து போனார். அந்தப் பத்தடி தூரம்தான், அன்பர்களே, என்னை உறங்கவிடாமல் செய்தது.

அவர் கடமை தவறிய தந்தையா? இல்லை. அந்தப் பிள்ளை உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் அவருடைய வியர்வை இருக்கிறது. குடும்பத்திற்காக ஹலாலான முறையில் உழைப்பது நன்மைக்குரிய செயல் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உணவும் உடையும் கல்வியும் கொடுத்துவிட்டால் தந்தைமை நிறைவேறிவிடுகிறது என்று நாம் நினைக்கத் தொடங்கிவிட்டோம். உள்ளூரில் இருக்கிறோம் என்பதால் நாம் தப்பித்துவிட்டோம் என்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து இரவு பத்தரைக்கு வீடு திரும்புபவருக்கும் அவருடைய பிள்ளைக்கும் இடையே எந்தக் கடல் இருக்கிறது? பிள்ளை விழித்திருக்கும்போது இவர் வீட்டில் இல்லை, இவர் வீட்டிலிருக்கும்போது பிள்ளை விழித்திருப்பதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

சகோதரர்களே! ஹழ்ரத் இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் மகனிடம் அறுத்துப் பலியிடும் கனவைச் சொன்ன நிகழ்ச்சி ஸாஃப்பாத் அத்தியாயத்தில் வருகிறது. ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளில் கேட்கிறோம். அந்த 102ஆம் வசனத்தின் தொடக்கத்தில் மகனின் வயதை அல்லாஹ் எப்படிக் குறிப்பிடுகிறான் என்பதை நாம் கவனிப்பதில்லை. இத்தனை வயது என்று எண்ணிக்கை சொல்லவில்லை. ‘ஸஃய்’ என்ற சொல்லை ஆள்கிறான். நடப்பது, ஓடியாடி உழைப்பது என்பது அதன் பொருள். அதனுடன் ‘மஅஹு’, அதாவது ‘அவருடன்’ என்ற சொல்லும் சேர்ந்து வருகிறது. தந்தையோடு சேர்ந்து நடக்கவும் உழைக்கவும் கூடிய பருவத்தை மகன் அடைந்தபோது என்பது கருத்து. ஓதும் காலத்தில் நான் இந்த ‘மஅஹு’வை இலக்கண நோக்கில்தான் பார்த்தேன், அது எதனுடன் இணைகிறது என்று. நாற்பது வயதைக் கடந்து, நானும் தகப்பனான பிறகுதான் அதன் எடை புரிகிறது. பிள்ளைக்கு ஒரு வயது வருகிறது. அது தந்தையோடு நடக்கும் வயது. அது வந்து, சில ஆண்டுகள் இருந்து, போய்விடுகிறது. அப்போது நாம் உடனிருந்தோமா?

இதைவிட வியப்பான ஒரு செய்தி புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் அது. இப்ராஹீம் நபி அவர்கள் தொலைவான நாட்டில் வாழ்ந்தார்கள், மகனார் மக்காவில் வளர்ந்தார்கள். நம் ஊர் மொழியில் சொன்னால் அதுவும் ஒரு ‘வெளியூர் வாப்பா’ குடும்பம்தான். மகனுக்குத் திருமணமான பிறகு தந்தை மகனைத் தேடி வருகிறார்கள். மகன் வீட்டில் இல்லை, பிழைப்புக்காக வெளியே சென்றிருக்கிறார். மருமகளிடம் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். சில காலம் கழித்து மீண்டும் வருகிறார்கள், அப்போதும் மகன் இல்லை. மூன்றாம் முறை வரும்போதுதான் மகனைக் காண்கிறார்கள். ஸம்ஸம் அருகே ஒரு மரத்தின் கீழ் அமர்ந்து இஸ்மாயீல் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அம்புகளைச் சீர்செய்துகொண்டிருக்கிறார்கள். தந்தையைக் கண்டதும் எழுகிறார்கள். தந்தை மகனிடமும் மகன் தந்தையிடமும் எப்படி அன்பு காட்டுவார்களோ அப்படிக் காட்டிக்கொண்டார்கள் என்கிறது அறிவிப்பு.

அதற்குப் பின் என்ன நடந்தது? தந்தை எந்த வெகுமதிப் பொட்டலத்தையும் பிரித்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. நீண்ட உபதேசமும் இல்லை. அல்லாஹ் எனக்கு ஒரு வேலையைக் கட்டளையிட்டிருக்கிறான் என்கிறார்கள். அதை நிறைவேற்றுங்கள் என்கிறார் மகன். நீ எனக்கு உதவுவாயா என்று கேட்கிறார்கள். உதவுவேன் என்கிறார் மகன். மகன் கல் சுமந்து வருகிறார், தந்தை கட்டுகிறார். சுவர் உயர்ந்ததும் தந்தை ஏறி நிற்பதற்கு மகன் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைக்கிறார். கஃபத்துல்லாஹ் அப்படித்தான் எழுந்தது. பல ஆண்டுப் பிரிவை ஒரு வேலை இணைத்தது. நபியாகிய தந்தை மகனிடம் உதவி கேட்டார்கள். நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடம் உதவி கேட்டிருக்கிறோம்? கட்டளையிட்டிருப்போம், "தண்ணி கொண்டு வா" என்று. அது வேறு.

நம் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர், நான் மதிக்கும் மனிதர், என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், எங்க வாப்பா எங்களை எந்த ஊருக்கும் கூட்டிப் போனதில்லை. நாங்க என்ன கெட்டுப்போனோமா?" நியாயமான கேள்வி. நான் அவரிடம், தாங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது தங்கள் வாப்பா என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டேன். தறி நெய்தார்கள் என்றார். தாங்கள் என்ன செய்வீர்கள் என்றேன். தார் சுற்றிக் கொடுப்பேன், இழை அறுந்தால் முடிச்சுப் போடுவேன், நெய்த சேலையைக் கொடுக்கப் போகும்போது கூடவே போவேன் என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பகல் முழுவதும் தந்தையின் முழங்காலுக்கு அருகில் வளர்ந்தவர் அவர்! அவருக்கு எந்தச் சுற்றுலாவும் தேவைப்படவில்லை. நமது தெருக்களில் அன்று தறிச் சத்தம் கேட்டது. வயலிலும் வண்டியிலும் கடைத் திண்ணையிலும் பிள்ளை தந்தையோடு இருந்தான். இன்றைய தந்தையின் தொழிலைப் பிள்ளை கண்ணால் காண்பதில்லை. அது துபாயில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது, லாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் களைத்து வந்து படுக்கும் ஒரு மனிதர். இழந்த அந்தத் தறிக்குழிக்குப் பதிலாக ஒரு பகலையேனும் கொடுக்க முடியுமா என்றுதான் நாம் முயன்றோம்.

நிகழ்ச்சியில் எந்தச் சொற்பொழிவும் வைக்கவில்லை. (அதற்காக எனக்கு நன்றி சொன்னவர்கள் உண்டு!) மூன்று கட்டுப்பாடுகளே விதித்தோம். பேருந்தில் ஏறும்போதே கைபேசிகளை முஅத்தின் வைத்திருக்கும் பையில் போட்டுவிட வேண்டும். நண்பர்களோடு அமராமல் அவரவர் பிள்ளையோடு அமர வேண்டும். பிள்ளைகளுக்குத் தந்தையரே உணவு பரிமாற வேண்டும். வழியில் ஐந்தாறு பேர் கஸ்ராகத் தொழலாமா என்று கேட்டார்கள். அதற்குரிய தொலைவு அல்ல இது என்று சொல்லி, ளுஹரை நான்கு ரக்அத்துகளாகவே ஒரு வேப்ப மரத்தடியில் ஜமாஅத்தாகத் தொழுதோம்.

பேருந்தில் ஒவ்வொரு தந்தைக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். அதில் மூன்று கேள்விகள். உங்கள் பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் பெயர் என்ன? நெருங்கிய தோழன் அல்லது தோழி யார்? உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும்? எழுதிவிட்டுப் பிள்ளையிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். கேள்விகளை எழுதிய நானும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டேன், என்னுடன் பதினோரு வயது மகன் வந்திருந்தான். முதல் இரண்டையும் எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு என் பேனா நகரவில்லை. ‘இருட்டு’ என்று ஒரு ஊகத்தில் எழுதிக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

கூந்தன்குளத்தைக் குறித்துச் சிறிது சொல்ல வேண்டும். 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக அளவிலான ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அரசு அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லைப்புற மரங்களிலும் அவை கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சிவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. நம் மாற்று மதச் சகோதரர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பண்பு இது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டிலிருந்து விழுந்த ஒரு குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் எங்களுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அல்லாஹ் அவருக்கு நல்லருள் புரிவானாக.

மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. அவற்றில் ஆண், பெண் இரண்டும் மாறி மாறி அடைகாக்கின்றன, இரண்டும் இரை கொண்டுவந்து ஊட்டுகின்றன. உச்சி வெயிலில் ஒரு நாரை தன் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழலாக நின்றது. இரை தேடப் போகவில்லை, ஒன்றும் கொண்டுவரவில்லை. சும்மா நின்றது. நிற்பதே அதன் வேலையாக இருந்தது. பறவைகள் சிறகு விரிப்பதைப் பாருங்கள் என்று முல்க் அத்தியாயத்தில் அல்லாஹ் நம்மை அழைக்கிறான். அதை ஓதிக்கொண்டே இருக்கிறோம், தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

என் மகன் நன்றாகப் பார்க்கிறான் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. கூழைக்கடா எது, கரண்டிவாயன் எது என்று கோபுரத்தின் மேல் நின்று எனக்குக் காட்டிக்கொண்டே வந்தான். இமயமலையைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தையும் அவன்தான் கண்டுபிடித்தான். எனக்கு அது வெறும் வாத்தாகத் தெரிந்தது. முதன்முறையாக அவன் உஸ்தாத், நான் மாணவன். நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைரிடம், அவர் வளர்த்த குருவியைப் பற்றிக் கேட்டு வேடிக்கையாகப் பேசுவார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. உம்மத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியை விசாரிக்க நேரம் இருந்திருக்கிறது.

இறங்கி வரும்போது, நான் கேட்காமலேயே அவன் சொன்னான்: "வாப்பா, இருட்டுக்கு இல்லை. ஸபக் கொடுக்கும்போது உங்க முகத்தைப் பார்க்கத்தான் பயம்."

அவன் என்னிடம்தான் ஹிஃப்ழு செய்கிறான். இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் என் எதிரில் அமர்ந்து அல்லாஹ்வின் வேதத்தை ஒப்பித்திருக்கிறான், பயந்துகொண்டே. சகோதரர்களே, இதை நான் இங்கே சொல்வது எளிதாக இல்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டு என்னை மறைத்துக்கொள்வது அமானிதம் அல்ல என்பதால் சொல்கிறேன். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபியவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றார்கள். அந்தப் பயணத்தில்தான், அல்லாஹ்வைப் பேணிக்கொள் என்று தொடங்கும் அறிவுரைகளை நபியவர்கள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். திர்மிதீயில் உள்ள ஹதீஸ் இது. பலமுறை இந்த மிம்பரில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தச் சிறுவர் எதிரே கைகட்டி நிற்கவில்லை, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உடன் அமர்ந்திருந்தார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் சுபுஹுக்குப் பின் வீட்டிற்கு நடந்து போகும்போதே மகனின் ஸபக்கைக் கேட்கிறேன். முன்பைவிடப் பிழை குறைந்திருக்கிறதா என்றால், இல்லை. சற்று உரக்க ஓதுகிறான்.

பிற்பகலில் வனத்துறைப் பணியாளர்களிடம் அனுமதி பெற்று, சாலையோரமும் கரையோரமும் கிடந்த பிளாஸ்டிக் குப்பைகளைத் தந்தையும் பிள்ளையுமாகச் சேர்ந்து பொறுக்கினோம். இருவருக்கு ஒரு சாக்கு. நான் முதலில் சொன்ன அந்தச் சகோதரரும் மகனோடு வந்திருந்தார். காலையிலிருந்து பையன் தன் பெரிய வாப்பா மகனோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தான். இவர் அவனை இழுக்கவில்லை. சாக்கைக் கையில் எடுத்தபோது மட்டும், "எனக்கு ஒரு கை போதலை, இந்த வாயைக் கொஞ்சம் விரிச்சுப் பிடிக்கிறியா?" என்று கேட்டார். பையன் யோசித்தான். வந்து பிடித்தான். அஸர் வரை பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பும் வழியில் அவர் மடியில் தூங்கினான் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். புதன்கிழமை அவர் மீண்டும் பயணம் புறப்பட்டுவிட்டார். நேற்று மக்தபில் அந்தப் பையன் உஸ்தாதிடம், "எங்க வாப்பா இருந்தா சாக்கு ரெண்டு நெறைஞ்சிருக்கும்" என்று ஏதோ பேச்சில் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளை ஏன் அழைத்துச் சென்றீர்கள் என்ற ஆட்சேபணையும் வந்தது. 51 பேரில் 19 பேர் பெண் மக்கள். தத்தம் தந்தையோடு, தந்தையின் கண் முன்னே சென்ற பயணத்தில் ஷரீஅத்தின் வரம்பு எங்கே மீறப்பட்டது? நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழ வைத்தார்கள். பெண் பிள்ளையைப் பலர் இழிவாகக் கருதிய சமூகத்தின் முன்னால், தொழுகையில்! மகளுக்குப் பத்து வயது ஆனதும் நம் வீடுகளில் தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே பேச்சே நின்றுபோகிறது. தேவையானதை உம்மாவிடம் சொல்லி அனுப்புகிறாள். இதை மார்க்கம் சொல்லவில்லை. நம் வெட்கம் சொல்கிறது.

இதே மஜ்லிஸில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புறப்படும்போது தலை எண்ணுவதற்காக, "தந்தையர் தம் பிள்ளைகளோடு நில்லுங்கள்" என்று நான் குரல் கொடுத்தேன். எல்லோரும் நின்றார்கள். தந்தையை இழந்த இரண்டு சிறுவர்களும் வந்திருந்தார்கள். ஒருவன் தன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மற்றவனுடைய சாச்சா கடைசி நேரத்தில் வர முடியாமல் போயிருந்தது. அவன் எங்கே நிற்பது என்று தெரியாமல் பேருந்தின் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அது தாமதமாகத்தான் கண்ணில் பட்டது. நமது முஅத்தின் எனக்கு முன்பே பார்த்துவிட்டு, கைபேசிப் பையை அவன் தோளில் மாட்டி, "நீதான் இன்னைக்கு எனக்கு அமீர்" என்று அழைத்துப் போனார்.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் தந்தையின் முகத்தையே காணாமல் பிறந்தவர்கள். கஃபாவின் நிழலில் விரிக்கப்பட்ட தம் விரிப்பில் பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்களை அமர்த்திக்கொண்டார். அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிப் ஏற்றுக்கொண்டார். ஷாம் நாட்டுக்கு வணிகப் பயணம் புறப்பட்டபோது, சிறுவராயிருந்த அண்ணலாரையும் தம்முடன் அழைத்துச் சென்றார். தந்தை இல்லாத பிள்ளைக்கும் தந்தையோடு நடக்கும் வயது வரத்தான் செய்கிறது. அப்போது யாராவது ஒருவர் உடன் நடக்க வேண்டும்.

ஒரு பயணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ‘ஹும்மரா’ எனும் சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபியவர்கள், இதன் பிள்ளைகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ளது. பறவைக்கும் குஞ்சுக்கும் இடையில் விழுந்த இடைவெளியையே பொறுக்காத நபியின் உம்மத் நாம்.

அடுத்த பயணம், இன்ஷா அல்லாஹ், வரும் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. தாமிரபரணிக் கரைக்குப் போகிறோம். நீச்சல் தெரிந்த தந்தையர் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கட்டணம் சென்ற முறை போலவே. இயலாதவர்களுக்கு ஜமாஅத் ஏற்றுக்கொள்ளும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் பெயர் கொடுக்கலாம்.

அவரிடம் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று தந்தையரோடு வரும் பிள்ளைகளுக்கானது. மற்றொன்றில், கணவர் வெளிநாட்டில் இருக்கும் அல்லது மறைந்துவிட்ட தாய்மார்கள் இதுவரை 14 பிள்ளைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. உறவினர் எவரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் எழுதலாம். உங்கள் பிள்ளையின் பெயரை முதல் தாளில் எழுதுவதற்கு முன் தயவுசெய்து இரண்டாவது தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.